18 ஆட்டம், 18 தோல்வி: நியூகாசில் ரக்பி அணியில் கோச்தான் பிரச்சினையா?

ஒரு பருவம் முழுக்க விளையாடி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல் இருக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தின் முதல்தர ரக்பி லீகான பிரீமியர்ஷிப்பில் 2023-24 பருவத்தில் நியூகாசில் ஃபால்கன்ஸ் அணி 18 லீக் ஆட்டங்களில் ஆடியது. பதினெட்டிலும் தோற்றது. டிராகூட இல்லை. புள்ளிப் பட்டியலில் அந்த அணிக்குக் கிடைத்ததெல்லாம் போனஸ் புள்ளிகள் மட்டும். ரக்பியில் ஏழு புள்ளிக்குள் தோற்றாலும், நான்கு ட்ரை போட்டாலும் ஒரு புள்ளி ஆறுதலாகத் தருவார்கள். பிரிஸ்டல் அணியிடம் 14-85 என்று தோற்றதும் இதே பருவத்தில்தான்.

பருவம் முடியும் முன்பே தலைமைப் பயிற்சியாளர் அலெக்ஸ் காட்லிங் வெளியேறினார். எந்த விளையாட்டாக இருந்தாலும் நடப்பது இதுதானே! அணி தோற்றால் முதல் பலி கோச். ரசிகர்களுக்கும் ஒரு ஆறுதல், முதலாளிக்கும் ஒரு செய்திக்குறிப்பு.

ஆனால் நியூகாசில் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. 2022 முதல் 2025 வரை அந்த அணியின் தலைமைப் பொறுப்பில் நான்கு பேர் மாறிவிட்டார்கள். 2022-23, 2023-24, 2024-25 என மூன்று பருவங்களிலும் அணி கடைசி இடம். ஆள் மாறுகிறார், இடம் மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

முதல்ல, யார் இந்த ஃபால்கன்ஸ்?

கால்பந்து பார்ப்பவர்களுக்கு நியூகாசில் யுனைடெட் தெரிந்திருக்கும். அதே ஊர்தான். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை, ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கம். அந்த ரக்பி கிளப்பின் பழைய பெயர் காஸ்ஃபோர்த், தொடங்கிய ஆண்டு 1877. நூறு ஆண்டுக்கும் மேல் அமெச்சூர் கிளப்பாகவே இருந்தது.

1995-ல் ரக்பி யூனியன் தொழில்முறை விளையாட்டானது. அதுவரை சம்பளம் வாங்கி ஆடுவது விதிப்படி தடை. தடை போன சூட்டோடு, நியூகாசில் யுனைடெட்டின் அப்போதைய முதலாளி சர் ஜான் ஹால் இந்த ரக்பி கிளப்பையும் வாங்கினார். பார்சிலோனா மாதிரி ஒரே பெயரில் பல விளையாட்டு அணிகளை நடத்த வேண்டும் என்பது அவரது கனவு. இங்கிலாந்து நட்சத்திரம் ராப் ஆண்ட்ரூவை லண்டனின் வாஸ்ப்ஸ் கிளப்பிலிருந்து கொத்திக்கொண்டு வந்தார். ஆண்ட்ரூ கையில் காசோலைப் புத்தகம். டாடி வேர், கேரி ஆம்ஸ்ட்ராங், பேட் லாம், இங்கா டூயிகமாலா என்று சர்வதேச வீரர்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்த முதல் பருவத்திலேயே, 1997-98-ல், நியூகாசில் சாம்பியன். இரண்டாவது இடம்பிடித்த சாரசன்ஸைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

அந்த அணியில் ஒரு டீன்ஏஜ் பையனும் இருந்தான். பெயர் ஜானி வில்கின்சன். 2003 உலகக்கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி நிமிடத்தில் டிராப் கோல் அடித்து இங்கிலாந்துக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

கதையின் இரண்டு பாதிகளும் இந்த ஒரு அணியிலேயே இருக்கின்றன. ஒன்று, பணம் இருந்தால் ரெண்டே வருஷத்தில் அணியைக் கட்டலாம். இன்னொன்று, வடகிழக்கில் திறமையான பசங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹாலின் பணம் சில ஆண்டுகளில் போய்விட்டது. பசங்க மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் கிளம்பிக்கொண்டும் இருந்தார்கள்.

ஏலம் கிடையாது, டிராஃப்ட் கிடையாது

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு ஆள் எடுப்பது என்றாலே மெகா ஏலம்தான் நினைவுக்கு வரும். எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ், ஒரே மேடை, ஒரே சுத்தியல். 2025 ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். கடைசி இடம் பிடித்த அணியும் முதல் இடம் பிடித்த அணியும் அங்கே ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும்.

இங்கிலாந்து ரக்பியில் அப்படி எதுவும் இல்லை. கிளப், வீரர், ஏஜென்ட் மூவரும் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு. கட்டுப்பாடு என்றால் சம்பள உச்சவரம்பு மட்டும்தான். கொரோனா சமயத்தில் 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாகக் குறைக்கப்பட்ட அந்த வரம்பு, 2024-25-ல் மறுபடி 64 லட்சத்துக்கு வந்தது. நம்ம கணக்கில் சுமார் 70 கோடி ரூபாய். இதற்கு மேல் சில சலுகைகள் உண்டு: சொந்த அகாடமியில் வளர்த்த வீரர்களுக்கான கழிவு, கணக்கில் சேராத ஒரு நட்சத்திர வீரர். 40, 45 பேர் கொண்ட ஒரு ரக்பி அணி இந்தத் தொகையைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உச்சவரம்பு என்பது கூரை. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பணம் உள்ள கிளப் கூரையை முட்டும், சில நேரம் பிய்த்துக்கொண்டும் போகும். சாரசன்ஸ் அப்படிப் போனதற்காகத்தான் 2019-20 பருவத்தில் புள்ளிகளை இழந்து, அபராதம் கட்டி, இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் இறங்கிய அதே நேரத்தில் கீழேயிருந்து மேலே ஏறியது யார் தெரியுமா? நியூகாசில்தான். அளவுக்கு மீறிச் செலவு செய்த அணி போன இடத்தில், அளவு வரைக்கும்கூடச் செலவு செய்ய முடியாத அணி வந்து உட்கார்ந்தது. ஒரு வருஷத்தில் சாரசன்ஸ் திரும்பி வந்து மறுபடி மேலே போனது. 2023-ல் சாம்பியனும் ஆனது.

கோச் எப்போ வர்றார், வீரர் எப்போ போறார்?

நியூகாசில் சிக்கலைப் புரிந்துகொள்ள அணிப் பட்டியலைவிட காலண்டர்தான் உதவும்.

பிரீமியர்ஷிப் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி மே, ஜூன் வரை போகும். ஒரு வீரரின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்றால், அந்தக் கடைசி ஆண்டின் ஜனவரி 1 முதல் அவர் மற்ற கிளப்களுடன் வெளிப்படையாகப் பேசலாம். அதாவது, பருவம் பாதிகூட முடியாத நிலையில் அடுத்த பருவத்துக்கான வியாபாரம் சூடுபிடித்துவிடும். நல்ல டைட்-ஹெட் ப்ராப், நல்ல ஃப்ளை-ஹாஃப் எல்லாம் பிப்ரவரிக்குள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

இப்போது இதைத் தோற்கும் அணியின் பக்கமிருந்து பாருங்கள். அக்டோபரில் தோல்வி தொடங்குகிறது. "புது கோச், செட் ஆக டைம் வேணும்" என்று நவம்பர் ஓடும். டிசம்பரில் கவலை. ஜனவரியில் அணியின் நல்ல வீரர்களுடைய ஏஜென்ட்களுக்குப் போன் வர ஆரம்பிக்கும். வீரர் தன் கிளப்பிடம் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்த வருஷம் யார் கோச்?" பதில் இல்லை. இரண்டாவது கேள்வி, "யாரை வாங்கப் போறீங்க?" அதற்கும் பதில் இல்லை, பட்ஜெட் முடிவாகவில்லை. அவர் கிளம்பிவிடுவார். மார்ச்சில் கோச்சை மாற்றுகிறார்கள். புதிதாக வருபவருக்கு மிச்சமிருப்பது, மற்றவர்கள் வாங்காமல் விட்ட வீரர்கள்.

காட்லிங் போனது 2024 மார்ச்சில். அதற்கு முன்பே, அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டீவ் டயமண்ட் என்ற அனுபவசாலியை ரக்பி இயக்குநர் பொறுப்புக்கு ஆலோசகராகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கோச் இருக்கும்போதே அவர் தலைக்கு மேல் இன்னொருவர் வந்து உட்காருகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு விதமான ஆட்டத்தை நம்புகிறார். ஒருவர் பந்தைக் கையில் வைத்து அகலமாக ஆடச் சொல்வார். அவருக்கு வேகமான விங்கர்கள் வேண்டும். இன்னொருவர் உதைத்து, மோதி, ஸ்க்ரம்மில் நசுக்கச் சொல்வார். அவருக்குக் கனமான முன்வரிசை வேண்டும். கோச் ஒரே நாளில் மாறலாம், வீரரின் ஒப்பந்தம் மூன்று வருஷம் ஓடும். நான்கு வருஷத்தில் நான்கு தலைமை என்றால், எந்த ஒரு சனிக்கிழமையும் களத்தில் இறங்குவது ஒரு அணியே அல்ல. மூன்று பேர் மூன்று திட்டத்துக்கு வாங்கிய சாமான்களின் மிச்சம். பாதி இட்லிக்கு அரைத்த மாவு, பாதி சப்பாத்திக்குப் பிசைந்தது. நாலாவதாக வருபவரிடம் "சமைச்சுக் காட்டு" என்கிறார்கள்.

ரிச்சர்ட்ஸ் காலத்தில் என்ன வேலை செய்தது?

எப்போதும் இப்படி இல்லை. 2012 முதல் 2022 வரை பத்து வருஷம் ஒரே ஆள் பொறுப்பில் இருந்தார், டீன் ரிச்சர்ட்ஸ். இங்கிலாந்தின் முன்னாள் நம்பர் 8, கூடவே முன்னாள் போலீஸ்காரர். ரக்பி வட்டாரத்தில் இன்னொரு காரணத்துக்காகவும் பிரபலம். 2009-ல் ஹார்லெக்வின்ஸ் கோச்சாக இருந்தபோது, மாற்று ஆட்டக்காரரை இறக்குவதற்காக ஒரு வீரரின் வாயில் போலி ரத்த மாத்திரை வைத்த விவகாரத்தில் மூன்று ஆண்டு தடை வாங்கியவர். தடை முடிந்ததும் யாரும் தொடத் தயங்கிய அவரை நியூகாசில் எடுத்தது. அணி அப்போது இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. ஒரே வருஷத்தில் மேலே கொண்டுவந்தார்.

ரிச்சர்ட்ஸிடமும் பணம் இல்லை. ஆனால் எங்கே தேடணும்னு தெரிந்திருந்தது. பெரிய கிளப்கள் வயசாகிவிட்டது என்று ஒதுக்கிய வீரர்கள், பசிபிக் தீவு நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று சந்தை குறைத்து மதிப்பிட்ட இடங்களில் கை வைத்தார். ஃபிஜியின் வெரெனிகி கோனேவா, சமோவாவின் சினோடி சினோடி, டோங்காவின் டகுலுவா எல்லாம் அப்படி வந்தவர்கள். நியூகாசில் அகாடமியில் வளர்ந்து லெஸ்டருக்குப் போன டோபி ஃப்ளட் 2017-ல் வீடு திரும்பினார். 2017-18-ல் அணி நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்கே போனது. அதே பருவத்தில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் கால்பந்து மைதானத்தில் நடத்திய ஒரு ஆட்டத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். தங்கள் சொந்த கிங்ஸ்டன் பார்க்கில் சுமார் 10 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும்.

அடுத்த வருஷமே அந்த அணி கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது! அதே கோச், ஏறக்குறைய அதே வீரர்கள்.

என்ன நடந்தது? நான்காம் இடம் பிடித்ததற்குப் பரிசாக ஐரோப்பாவின் உயர்தரப் போட்டியான சாம்பியன்ஸ் கோப்பையில் இடம் கிடைத்தது. 2018 அக்டோபரில் பிரான்சுக்கே போய் டூலோன் அணியை அவர்கள் மண்ணில் 26-25 என்று சாய்த்தார்கள். அடுத்து மோன்பெலியேவையும் வென்றார்கள். ஐரோப்பாவில் கைதட்டல், லீகில் அடி. பெரிய கிளப்களுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் கிட்டத்தட்ட சமமான இரண்டு பேர் இருப்பார்கள். நியூகாசிலுக்கு முதல் 15 பேர் அருமை, அடுத்த 15 பேர் வேறு தரம். இரண்டு குதிரையில் ஓட அந்த அணியிடம் ஆள் இல்லை.

இதைக் கோச்சின் தவறு என்று எழுதுவது எளிது. ரிச்சர்ட்ஸை நீக்கவில்லை, அடுத்த பருவமே அவர் அணியை மறுபடி மேலே கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கிளப் அந்த ஒருமுறை அவசரப்படவில்லை.

2023-ல் நடந்தது வேறு

ரிச்சர்ட்ஸுக்குப் பிறகு அவருடன் வேலை பார்த்த டேவ் வால்டர் பொறுப்பேற்றார். நியூகாசிலின் முன்னாள் வீரர். ஒரு பருவம், கடைசி இடம், 2023-ல் வெளியே. அடுத்து காட்லிங்.

இதே சமயத்தில் இங்கிலாந்து ரக்பியே ஆட்டம் கண்டது. 2022-ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023-ல் லண்டன் ஐரிஷ் என மூன்று கிளப்கள் கடனில் மூழ்கி லீகிலிருந்தே காணாமல் போயின. 13 அணிகள் 10 ஆகின. அந்த மூன்று கிளப் வீரர்களும் வேலை தேடித் தெருவுக்கு வந்தார்கள். வாங்கும் நிலையில் இருந்தவர்களுக்கு அது பொங்கல் தள்ளுபடி மாதிரி. நல்ல வீரர்கள் பாத், லெஸ்டர், நார்த்தாம்ப்டன், பிரான்ஸ் என்று பறந்தார்கள். நியூகாசிலின் முதலாளி செமோர் குர்திக்கு அப்போதைய கவலை வேறு: நாலாவதாகப் போகாமல் இருக்க வேண்டும். செலவைச் சுருக்கினார். கிளப் உயிரோடு இருந்தது. அதற்கான விலை 18 தோல்விகள்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வாஸ்ப்ஸ் நிறையச் செலவு செய்தது, கோப்பைகள் வென்றது, இன்று பிரீமியர்ஷிப்பில் இல்லை. குர்தி பத்து வருஷத்துக்கும் மேல் தன் கைக்காசைப் போட்டு ஒரு அணியை இழுத்துக்கொண்டு வந்தவர். அவரைக் கஞ்சன் என்று திட்டிவிட்டுப் போவது அநியாயம்.

ஆனால் செலவைச் சுருக்கிய விதத்தில் கோளாறு இருந்தது. அந்தக் காலத்தில் நியூகாசில் அர்ஜென்டினா வீரர்களை நம்பியது. தரமானவர்கள், ஒப்பீட்டளவில் விலை குறைவு. மடேயோ கரேராஸ், மதியாஸ் மொரோனி, பெட்ரோ ரூபியோலோ எல்லாம் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், 2023 உலகக்கோப்பை அக்டோபர் கடைசிவரை நடந்தது. அர்ஜென்டினா அரையிறுதி வரை போனது. கரேராஸ் ஜப்பானுக்கு எதிராக ஹாட்ரிக் ட்ரை போட்டு உலகமே பார்க்க ஜொலித்தார். அந்த நேரத்தில் பிரீமியர்ஷிப் தொடங்கிவிட்டது. சம்பளக் கணக்கில் இருக்கும் வீரர்கள் பிரான்சில், தோற்றுக்கொண்டிருக்கும் அணி நியூகாசிலில். உலகக்கோப்பை எப்போது நடக்கும் என்பது பல வருஷம் முன்பே எல்லோருக்கும் தெரிந்த தேதி.

உலகக்கோப்பையில் ஜொலித்தால் அடுத்து விலை ஏறும். கரேராஸ் பிரான்சின் பயோனுக்குப் போனார். அங்கே டாப் 14 லீகில் சம்பள உச்சவரம்பே 1 கோடி யூரோவுக்கு மேல். ரூபியோலோ பிரிஸ்டலுக்குப் போனார்.

நாற்றங்கால் இங்கே, அறுவடை அங்கே

ஆள் எடுப்பதில் வாங்குவது பாதிதான். வைத்துக்கொள்வது மீதிப் பாதி. நியூகாசில் கதையில் அதிகம் வலிப்பது இந்த இடம்தான்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் பிரீமியர்ஷிப் கிளப் இது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்துப் பசங்களுக்கு வேறு வாசல் இல்லை. அதனால் அகாடமிக்கு எப்போதும் நல்ல வரத்து. வில்கின்சன், ஃப்ளட், மேத்யூ டெய்ட் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள்தான். 2008-ல் ஃப்ளட் லெஸ்டருக்கும் டெய்ட் சேலுக்கும் போனார்கள். 2009-ல் வில்கின்சனே டூலோனுக்குப் போய்விட்டார்.

இப்போதைய தலைமுறையைப் பாருங்கள். ஹூக்கர் ஜார்ஜ் மெக்குய்கன் 2022-23 பருவத்தின் நடுவிலேயே குளோஸ்டருக்கு. டைட்-ஹெட் ப்ராப் ட்ரெவர் டேவிசன் 2023-ல் நார்த்தாம்ப்டனுக்கு. அடுத்த ஆண்டே நார்த்தாம்ப்டன் சாம்பியன். ப்ராப் ஃபில் பிராண்டிங்ஹாம் 2024-ல் சாரசன்ஸுக்கு. ஃப்ளாங்கர் கை பெப்பர் அதே ஆண்டு பாத்துக்கு. அடுத்த ஆண்டே பாத் சாம்பியன், பெப்பர் இங்கிலாந்து அணியிலும் ஆடிவிட்டார். மின்னல் வேக விங்கர் ஆடம் ரட்வான் 2025 ஜனவரியில் லெஸ்டருக்கு. ஹூக்கர் ஜேமி பிளாமையர் அந்தப் பருவம் முடிந்ததும் அதே லெஸ்டருக்கு. 2025 ஜூனில் இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு அணிகள் எவை? பாத், லெஸ்டர்.

இந்தப் பட்டியலில் யார் யார் எந்த இடத்து வீரர்கள் என்று கவனித்தால் இன்னொன்று தெரியும். ஹூக்கர் இரண்டு பேர், ப்ராப் இரண்டு பேர். இவர்கள் ஸ்க்ரம்மின் முன்வரிசை. ஸ்க்ரம் என்பது இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் பிணைந்து முட்டித் தள்ளும் அந்தக் காட்சிதான். அதில் வலது ஓரம் நிற்கும் டைட்-ஹெட் ப்ராப் மேல் எதிரணியின் இரண்டு பேருடைய பாரம் விழும். கபடியில் கார்னர் டிஃபெண்டர் சறுக்கினால் மொத்தச் சங்கிலியும் உடைகிற மாதிரி, இவர் சரிந்தால் எட்டுப் பேரும் சரிவார்கள். பெனால்டி எதிரணிக்கு. அவர்கள் உதைத்து 40 மீட்டர் முன்னேறுவார்கள், லைன்-அவுட், மால், ட்ரை. டிவியில் பார்ப்பவர் "டிஃபென்ஸ் மோசம்" என்பார். உண்மையில் அது மூன்று கட்டத்துக்கு முன்னால், ஸ்க்ரம்மில் தோற்ற பந்து. 20 வயதுப் பையனுக்கு இந்த இடத்தைக் கற்றுக்கொடுக்க வருஷங்கள் ஆகும். நல்ல டைட்-ஹெட் இந்த விளையாட்டின் மிக விலை உயர்ந்த சரக்குகளில் ஒன்று. அதைத்தான் நியூகாசில் வளர்த்து வளர்த்து அனுப்பியது.

அப்போ கோச் மேல் தப்பே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 14-85 என்ற ஸ்கோருக்குப் பணம் மட்டும் காரணம் ஆகாது. குறைந்த பட்ஜெட்டில் கௌரவமாகத் தோற்கும் அணிகளும் உண்டு. தடுப்பாட்டம் என்பது வாங்குவதைவிடப் பழக்குவது. யார் பக்கத்தில் யார், எப்போது முன்னால் பாய்வது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் பயிற்சி மைதானத்தில் வருவது. அதற்குத் தேவை, ஒரே திட்டத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு குரல். வருஷத்துக்கு ஒரு குரல் மாறினால் அந்தப் பழக்கம் வராது.

டயமண்ட் விஷயத்தில் இன்னொரு பொருத்தமின்மை. சேல் கிளப்பில் அவர் 2012 முதல் 2020 வரை இருந்தவர். அங்கே அவர் அணியைக் கட்டிய விதம் தெளிவானது: ஃபாஃப் டி கிளர்க், டு ப்ரீஸ் சகோதரர்கள் என்று தென்னாப்பிரிக்க வீரர்களை இறக்கி, மோதி ஜெயிக்கும் கடினமான அணி. அதற்குப் பின்னால் பணம் இருந்தது. பிறகு வூஸ்டருக்குப் போனார், 2022-ல் அந்த கிளப்பே சரிந்தது. நியூகாசிலுக்கு வந்தபோது கையில் பணமும் இல்லை, அவர் விரும்பும் கனமான முன்வரிசையும் இல்லை. 2024 அக்டோபரில் எக்ஸிடரை வீழ்த்தித் தொடர் தோல்விக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆனால் அந்தப் பருவத்தின் மொத்த லீக் வெற்றிகளே இரண்டுதான்.

இத்தனை தோல்விக்கும் கிளப் ஏன் கீழே இறங்கவில்லை என்று கேட்கலாம். கொரோனாவுக்குப் பிறகு, களத்தில் தோற்றதற்காக ஒரு அணிகூட பிரீமியர்ஷிப்பிலிருந்து இறக்கப்படவில்லை. முதலில் இறக்கமே நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு இரண்டாம் டிவிஷனில் ஜெயித்த அணிக்கு ஸ்டேடியம் தரம் போதவில்லை என்று ஏறவிடவில்லை. இது நியூகாசிலைக் காப்பாற்றியது. கூடவே, அவசரமே இல்லாமலும் ஆக்கியது. 2014-15-ல் 22 ஆட்டத்திலும் தோற்ற லண்டன் வெல்ஷ் அணி உடனே கீழே போனது. நியூகாசிலுக்கு அந்தப் பயம் இல்லை. கடைசி இடம் பிடித்தால் நஷ்டம் ரசிகருக்கும் வீரருக்கும் மட்டும்தான்.

ரெட் புல் வந்த பிறகு

2025 ஆகஸ்டில் ரெட் புல் நிறுவனம் கிளப்பை வாங்கியது. ஃபார்முலா 1, லைப்ஸிக், சால்ஸ்பர்க் கால்பந்து அணிகள் வைத்திருக்கும் அதே ரெட் புல். பெயரும் நியூகாசில் ரெட் புல்ஸ் ஆனது. 30 வருஷம் முன்பு ஜான் ஹால் வந்தபோது இருந்த அதே உற்சாகம். முன்னாள் இங்கிலாந்து விங்கர் கிறிஸ்டியன் வேட் போன்ற பெயர்கள் அணிக்கு வந்தன. அமெரிக்காவின் என்எஃப்எல் வரை போய் பஃபலோ பில்ஸில் முயற்சி செய்துவிட்டு வந்தவர் அவர்.

ஆனால் மேலே சொன்ன காலண்டரை மறுபடி பாருங்கள். ஆகஸ்ட் என்பது பருவம் தொடங்க ஒரு மாதம்தான் மிச்சம். நல்ல வீரர்களின் கையெழுத்து பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. கையில் காசு, கடையில் சரக்கு இல்லை. முதல் ஆட்டங்களில் தோல்வி தொடர்ந்தது. பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, 2025 அக்டோபரில், டயமண்ட் வெளியேறினார்.

உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்று என்பதால், ரெட் புல்லாலும் 1990-களில் ஹால் செய்தது போல ஒரே மூச்சில் ஒரு நட்சத்திர அணியை வாங்க முடியாது. அவர்களிடம் மற்ற கிளப்களுக்கு இல்லாத ஒரே சாதகம் அந்த அகாடமிதான். சொந்தமாக வளர்த்த வீரர்களுக்கு உச்சவரம்பில் கழிவும் உண்டு. அதனால் வடகிழக்கு ரசிகர்கள் இனி வரும் ஒவ்வொரு ஜனவரியிலும் வெளிநாட்டிலிருந்து யார் வருகிறார் என்பதைவிட, அகாடமியின் அடுத்த 20 வயது ஃப்ளாங்கரும் ப்ராப்பும் எந்த ஊரில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைத்தான் கவனிப்பார்கள்.